விசில் ஊதிய மூன்று மாதங்கள்

நாவக்கொல்லையில் மோட்டார் போடுகிறவர் ராஜாக்கண்ணு. பஞ்சாயத்து நோட்டில் அந்த வேலைக்கு வேறு பெயர் இருக்கலாம். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஐம்பத்திரண்டு வீடுகள் உள்ள மலைக்கிராமம் அது. ஜமுனாமரத்தூரிலிருந்து வரும் பஸ் கூட்டுரோட்டில் இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து புளியமரங்களுக்கு நடுவே அரைமணி நேரம் ஏற வேண்டும். முப்பத்திமூன்று வீடுகள் கீழ்த்தெருவில். மீதிப் பத்தொன்பதும் பாறையை ஒட்டி மேட்டுத்தெருவில்.

கீழ்த்தெருவுக்குத் தண்ணீர் விடுவது சுலபம். மத்தியானம் டேங்கை நிரப்பி வைத்தால் தானாக இறங்கிக்கொள்ளும். மேட்டுத்தெரு டேங்கின் உயரத்துக்கே இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏற வேண்டுமென்றால் கீழ் வால்வை அடைத்துவிட்டு, மோட்டார் ஓட ஓட நேராக மேலே அனுப்ப வேண்டும். அதற்கு த்ரீ பேஸ் கரண்ட் நன்றாக வர வேண்டும். மலையில் அது விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரைதான். குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் மோட்டார் புகைந்துவிடும் என்பதால் ஆள் பக்கத்திலேயே நிற்கவும் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ராஜாக்கண்ணு அப்படித்தான் நின்றார். மார்கழிப் பனியிலும் காதைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த இரண்டு மணி நேரத்தில் மேட்டுத்தெருவில் வீட்டுக்கு ஆறு குடம் கிடைத்துவிடும். பெண்கள் அதைப் பிடித்து வைத்துவிட்டுத்தான் சாமைக் கொல்லைக்குக் கிளம்புவார்கள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் ஒரு மூன்று மாதம் மட்டும் அவர் அங்கே நிற்கவில்லை.

அதற்கு முந்தின வருடம் ஊரில் எல்லா வீட்டுக்கும் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். நாலுக்கு நாலடி அறை, தகரக் கதவு, சுவரில் வீட்டுக்காரர் பெயரும் ஒரு நம்பரும். கீழ்த்தெருவில் மண் இளகிய மண். குழியில் ஐந்து சிமெண்ட் உறை இறங்கியது. மேட்டுத்தெருவில் இரண்டு உறை இறங்குவதற்குள் பாறை வந்துவிட்டது. கட்டியவர்கள் அதோடு மூடியைப் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊற்றத் தண்ணீர் இல்லாததால் மேட்டுத்தெருக்காரர்கள் அதில் ஆட்டுத் தழையும் புளி மூட்டையும் போட்டு வைத்தார்கள். காலையில் எப்போதும்போல் பாறைக்காட்டுக்குப் போனார்கள். இதில் ராஜாக்கண்ணுவுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எந்த வீட்டுக்கு எத்தனை குடம் போகிறது என்பதை அவரைவிடத் தெரிந்தவர் ஊரில் கிடையாது.

பதினெட்டாம் வருடம் ஆடி மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சுற்று வட்டார ஊர்களிலிருந்து ஊருக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டிருந்தார்கள். நாவக்கொல்லைக்கு ராஜாக்கண்ணு. கூட்டத்தை நடத்தியவர் விஜயராஜ் என்று சந்தவாசல் பக்கத்து ஆள். அந்தக் கக்கூஸ் திட்டத்தில் வேலை செய்கிறவர், முப்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுவார். யாரும் காட்டுக்குப் போகாத ஊர் என்று மூன்று மாதத்துக்குள் அறிவித்தாக வேண்டும் என்றார். காலையில் ஐந்து மணிக்கு ஊர் எல்லையில் நின்று, சொம்போடு வருகிறவர்களைப் பார்த்தால் விசில் ஊத வேண்டும் என்றார். எல்லாருக்கும் பச்சைத் தொப்பியும் விசிலும் கொடுத்தார்கள். முடிந்ததும் ராஜாக்கண்ணுவின் தோளில் கை வைத்து, “உங்கள மாதிரி ஆளுங்களாலதான் சார் இது நடக்கணும்” என்றார் விஜயராஜ்.

ராஜாக்கண்ணுவை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவர். ஐந்து மணிக்கு மோட்டார் போட வேண்டுமே என்று அவருக்கு அங்கேயே தோன்றியது. கையைத் தூக்கிக் கேட்டிருக்கலாம். மேட்டுத்தெருவுக்கு மத்தியானம் விட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

பாறைக்காட்டுக்குப் போகிற வழி ஊரைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஆண்கள் போவது, வலது பக்கம் பெண்கள் போவது. பிரிகிற இடத்தில் ராஜாக்கண்ணு நின்றார். பெண்கள் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, செருப்புச் சத்தமோ கொலுசுச் சத்தமோ கேட்டால் விசில் ஊதினார். அதை அவர் மரியாதை என்று நினைத்திருந்தார்.

இரண்டாம் நாள் வெள்ளையம்மாள் வந்தார். மேட்டுத்தெருவின் கடைசி வீடு அவருடையது. ராஜாக்கண்ணுவின் அப்பாவுக்குத் தங்கை முறை. ஐம்பது வயசு. வீட்டுக்காரர் தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் ரேணுகாதேவியைப் படவேட்டில் கட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டு ஏக்கர் கொல்லையையும் ஏழு ஆடுகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாக்கண்ணுவுக்குப் பெண் கேட்கப் போனபோது முன்னால் நடந்து போய்ப் பேசி முடித்தவர் அவர்தான்.

விசில் சத்தத்துக்கு அவர் பயப்படவில்லை. நேராக வந்து முன்னால் நின்றார்.

“மோட்டார் போடற நேரத்துல இங்க இன்னாடா பண்ற?”

“டூட்டி அத்த. இனிமே யாரும் காட்டுக்குப் போவக்கூடாது. கக்கூஸ் கட்டிக் குடுத்துக்கீறாங்க இல்ல, அதுல போ.”

“போறேன். தண்ணி?”

“மத்தியானம் வுடறேன்.”

“மத்தியானம் நாங்க கொல்லையில இருப்போம். நீ வுடற தண்ணிய நாயா வந்து புடிக்கும்?”

பின்னால் வந்த இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். ராஜாக்கண்ணுவுக்கு முகம் சுருங்கியது. விசிலை வாயில் வைத்து, அவர் முகத்துக்கு நேராகவே ஊதினார். வெள்ளையம்மாள் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு சொம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

மத்தியானக் கரண்ட் ஒழுங்காக வராது. வந்தாலும் மேட்டுத்தெரு வரை தள்ளச் சத்து இருக்காது. ஆறு குடம் இரண்டு குடமாயிற்று. அதைப் பிடிக்கவும் வீட்டில் ஒரு ஆள் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. மேட்டுத்தெருப் பெண்கள் கீழே வந்து கீழ்த்தெருக் குழாயில் வரிசையில் நின்று, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகச் சுமந்துகொண்டு ஏறினார்கள். குடிக்க, சமைக்க, ஆட்டுக்கு வைக்கவே அது சரியாக இருந்தது. ராஜாக்கண்ணுவின் மனைவி செல்லியம்மாள் ஒருநாள் கேட்டும்விட்டார். “நீ ஊதறத வுட்டுட்டு மோட்டாரப் போட்டாலே பாதி ஜனம் காட்டுக்குப் போவாதே?”

“உனக்கு இன்னா தெரியும். மேலருந்து ஆர்டர்” என்றார் ராஜாக்கண்ணு.

இரண்டாவது மாதம் முடிகிற சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் விஜயராஜ் மூன்று பேரோடு கூட்டுரோட்டில் ஜீப்பை விட்டுவிட்டு ஏறி வந்தார். கையில் ஒரு பை. பையில் சாமந்தி மாலைகள் இருந்தன.

“இன்னிக்கு விசில் வேணாம் சார். வர்றவங்களுக்கு மாலை போட்டுக் கைதட்டுவோம். வேற ஒரு ஊர்ல இப்படித்தான் செஞ்சோம். ஒரே வாரத்துல ஊரே மாறிடுச்சு.”

முதலில் வந்த மூன்று பேரும் ஆண்கள். அதில் முனிசாமி கழுத்தை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக்கூட நின்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து கூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னாலிருந்து வெள்ளையம்மாள் வெளியே வந்தார். யாரும் வருவதற்கு முன்பே போய்விட்டுத் திரும்புகிறவர். இத்தனை பேரைப் பார்த்ததும் சொம்பை முந்தானைக்குள் மறைத்தார்.

“போடுங்க சார்” என்று விஜயராஜ் மாலையை ராஜாக்கண்ணுவின் கையில் கொடுத்தார்.

ராஜாக்கண்ணுவுக்கு அந்தக் கணம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாலை ஈரமாக இருந்தது. அத்தை பூ வைப்பதை விட்டு ஆறு வருடம் ஆகிறது என்பது மனசுக்குள் வந்தது. வேண்டாம் சார், அவங்க எங்க அத்தை என்று சொன்னால் விஜயராஜ் விட்டிருப்பார், கெட்ட மனிதர் இல்லை. சுற்றி நின்றவர்கள் அப்போதே கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ராஜாக்கண்ணு இரண்டடி முன்னால் போய் மாலையை அவர் கழுத்தில் போட்டார். வெள்ளையம்மாள் தடுக்கவில்லை. தலையைக் குனியவும் இல்லை. யாரோ செல்போனில் எடுத்தார்கள். பிறகு அவர் மாலையைக் கழற்றி ஒரு கல்மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

போட்டோ திட்டத்து வாட்ஸப் குரூப்பில் போயிற்று. அங்கிருந்து எங்கெங்கோ சுற்றி, மூன்றாம் நாள் படவேட்டில் வெள்ளையம்மாளின் மருமகன் போனுக்கே வந்துவிட்டது. சம்பந்தி அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “இதுக்கும் மாலை போடறாங்களா உங்க மலையில?” என்று ரேணுகாதேவியிடம் கேட்டதாகப் பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு வெள்ளையம்மாள் பாறைக்காட்டுப் பக்கம் வரவே இல்லை. ஊரே வரவில்லை என்றும் சொல்லலாம். அவரவர் ஓடை தாண்டி வேறு திசையில் போனார்கள். ராஜாக்கண்ணு நின்ற இடத்துக்கு யாரும் வராததால் விசிலுக்கு வேலை இல்லாமல் போனது. மூன்றாவது மாதக் கடைசியில் கூட்டுரோட்டில் பலகை வைத்தார்கள், திறந்த வெளியில் மலம் கழிக்காத கிராமம் என்று. மேடையில் ராஜாக்கண்ணுவுக்குச் சால்வை போர்த்தினார்கள். செல்லியம்மாள் அந்த விழாவுக்கு வரவில்லை. அன்று சாயந்திரம் சோறு போடும்போது மட்டும் சொன்னார். “அத்த தண்ணியே குடிக்கிறதில்லையாம். மத்தியானத்துக்கு மேல ஒரு வாய் கஞ்சிகூட வேணாங்குதாம். வெளிய போவ வேண்டிவரும்னு.”

“கக்கூஸ்தான் கீதே” என்றார் ராஜாக்கண்ணு.

“போய்ப் பாரு. ரெண்டு உறைதானே, மழைத் தண்ணி எறங்கி நெரம்பி நிக்குது. ரெண்டு குடம் தண்ணியில குடிக்கிறதா, கழுவறதா?”

ராஜாக்கண்ணு போய்ப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து பழையபடி விடியற்காலையில் மோட்டார் போட ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை என்று நினைத்துக்கொண்டார். அத்தையின் வீட்டு வாசலைக் கடக்க வேண்டி வந்தால் மட்டும் பின்பக்க வழியாகப் போனார்.

ஐப்பசியில் சாமை அறுப்பு. அறுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே வெள்ளையம்மாள் சுருண்டு விழுந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். கொல்லையிலிருந்து கட்டிலில் வைத்து நான்கு பேர் கூட்டுரோடு வரை தூக்கினார்கள். அதில் ஒருவர் ராஜாக்கண்ணு. வேன் பிடித்து மலையிறங்கிக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பரிசோதித்த டாக்டரம்மா வெளியே வந்து, நீர்ப்பாதையில் கிருமி ஏறி இரண்டு கிட்னிக்கும் போயிருக்கிறது, நாள்பட விட்டிருக்கிறீர்கள் என்றார். பிறகு உள்ளே போய் வெள்ளையம்மாளிடமே கேட்டார்.

“தண்ணியே குடிக்க மாட்டீங்களாம்மா? ஏன்?”

ராஜாக்கண்ணு கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அத்தை தன் பக்கம் கையை நீட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தார். நீட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது சொல்கிறார்.

“தாகம் எடுக்கல” என்றார் வெள்ளையம்மாள்.

இருபத்தோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு கிட்னி தேறவில்லை. இனிமேல் மலை ஏறி இறங்கும் வேலையெல்லாம் கூடாது, மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ரேணுகாதேவி வந்து அம்மாவைப் படவேட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். சம்பந்தி வீட்டில் இருப்பதை ஒருநாளும் விரும்பாதவர் வெள்ளையம்மாள். தீபாவளிக்குக் கூப்பிட்டாலே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். இப்போது அங்கேயே ஒரு மூலையில் பாய் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆடுகளை விற்றார்கள். கொல்லையைப் பங்காளிகள் உழுதார்கள்.

ஊரில் யாரும் ராஜாக்கண்ணுவைக் குற்றம் சொல்லவில்லை. உடம்பு என்றால் வரத்தான் செய்யும் என்றார்கள். செல்லியம்மாள்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவரை அரித்தது. மழை விட்டதும் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேட்டுத்தெருவுக்குப் போனார். பாறை இல்லாத இடமாகத் தேடி, அங்கங்கே தட்டிப் பார்த்து, அவரே புதிதாகக் குழி தோண்ட ஆரம்பித்தார். முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அந்தந்த வீட்டு ஆண்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு குழி நிரம்பினால் அடுத்ததற்கு மாற்றுகிற மாதிரி வீட்டுக்கு இரண்டு குழி. எல்லாம் முடிய இரண்டு கோடை ஆயிற்று. மேட்டுத்தெருவுக்குத் தனியாக ஒரு சின்டெக்ஸ் டேங்க் வேண்டும் என்று கிராமசபையில் எழுந்து நின்று கேட்டார். அடுத்த கூட்டத்திலும் கேட்டார். மனு எழுதிக்கொண்டு அலைந்தார். கொரோனாவில் இரண்டு வருடம் போய்விட்டது. இருபத்திரண்டில்தான் டேங்க் வந்தது. பாறைமேல் மேடை கட்டி, கரண்ட் எப்போது வந்தாலும் நிரப்பி வைத்துக்கொள்கிற மாதிரி வைத்தார்கள். பத்தொன்பது வீட்டில் பதினாறு வீட்டுக்காரர்கள் இப்போது கக்கூஸைத்தான் பயன்படுத்துகிறார்கள். மழைக்காலத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவது குறைந்திருக்கிறது என்று நர்ஸம்மா சொன்னார்.

இதையெல்லாம் சொல்லி அத்தையைத் திரும்ப அழைத்து வரலாம் என்று ராஜாக்கண்ணு நினைத்தார். போன தை மாதம் படவேட்டுக்குப் போனார். அதற்கு முன்பும் இரண்டு முறை போயிருக்கிறார். இரண்டு முறையும் நலம் விசாரித்து, கொண்டுபோன புளியைக் கொடுத்துவிட்டு, பேச வந்ததைப் பேசாமலே திரும்பியிருந்தார்.

வெள்ளையம்மாள் வெயிலுக்காக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. எதிரே கரும்பு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ரேணுகாதேவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

“உன் வூட்டுக்குக் கொழாய் வந்துருச்சி அத்த. எந்நேரமும் தண்ணி. புதுசா ரெண்டு குழி எடுத்து மூடி போட்டுட்டேன். நானே எடுத்தேன்.”

“நல்லதுடா” என்றார் வெள்ளையம்மாள்.

“வந்துரு அத்த. செல்லி பார்த்துக்கும். மாசத்துக்கு ஒருவாட்டி நானே வண்டியில இட்டுக்கினு வர்றேன் ஆஸ்பத்திரிக்கு.”

வெள்ளையம்மாள் கரும்பு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாக்கண்ணு டீயைக் கீழே வைத்தார்.

“தப்பு பண்ணிட்டேன் அத்த. மாலையப் போட்டிருக்கக் கூடாது. மோட்டார நிறுத்தியிருக்கக் கூடாது.”

“சொன்னாங்க, செஞ்ச. மாலைகூடப் பரவால்ல” என்றார் வெள்ளையம்மாள். குரலில் கோபம் இல்லை. “நீ ஏன்டா சிரிச்ச?”

“நான் சிரிக்கல அத்த.”

“போட்டோவுல கீதே.”

அந்தப் போட்டோவை ராஜாக்கண்ணு பார்த்திருக்கிறார். விழா அன்று பெரிதாக அச்சடித்து மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பச்சைத் தொப்பியோடு அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எதற்குச் சிரித்தோம் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அவ்வளவுதான் தெரிகிறது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளையம்மாள், சாமை இந்த வருசம் எப்படி, எந்தக் கொல்லையில் பன்றி புகுந்தது என்றெல்லாம் கேட்டார். ராஜாக்கண்ணு சொன்னார். வருகிறாயா என்று இன்னொரு முறை கேட்கத் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போது ரேணுகாதேவி பஸ் நிற்கிற இடம் வரை கூடவே வந்தார். அவருக்கு ராஜாக்கண்ணு மாமன் மகன். சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே வராதீங்க.”

ராஜாக்கண்ணு நின்றுவிட்டார்.

“நீங்க வந்துட்டுப் போனா அம்மா ரெண்டு நாளைக்கு ஒண்ணும் குடிக்காது. டம்ளர வாயாண்ட வச்சாலும் மூஞ்ச திருப்பிக்கும். வேணும்னு பண்ணல மாமா. அதுக்கே தெரியாம பண்ணுது. டாக்டர் என்னியதான் திட்டறாங்க.”

சந்தவாசல் பஸ் வந்தது. சரிம்மா என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு படவேட்டுக்குப் போகவில்லை. புளி வாங்க மலைக்கு வரும் தனசேகரன் அந்தத் தெருக்காரர்தான். வியாபாரம் முடிந்து மூட்டை கட்டும்போது, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்த அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டுக்கொள்கிறார்.